கேம்தானே சார்!

வீட்டில் வர்ச்சுவல் பின்பால் மேஜை வைத்திருப்பவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஆசாரியை வைத்துப் பெட்டி செய்கிறார்கள். பெரிய டிவி வாங்கிப் படுக்கப் போடுகிறார்கள். பொத்தானுக்கும் சோலினாய்டுக்கும் மாதக்கணக்கில் வெளிநாட்டுப் பார்சலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் பொறுமை இருக்கிறது, பணமும் இருக்கிறது. "இதற்கு ஒரு காப்பு நகல் எடுத்து வைத்தீர்களா?" என்று கேட்டால் மட்டும் சிரிக்கிறார்கள். "கேம்தானே சார்!" என்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கண்ணாடி மூடிய சாய்வு மேஜையில் இரும்புக் குண்டு உருள, பக்கத்துப் பொத்தான்களை அமுக்கி அதைக் கீழே விழாமல் அடித்துக்கொண்டே இருப்பது பின்பால். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஃபிளிப்பேர்' என்பார்கள். வர்ச்சுவல் பின்பாலில் பெட்டி நிஜம், பொத்தான் நிஜம், குண்டை ஏவும் இழுகம்பியும் நிஜம். ஆனால் மேஜைப்பரப்பு ஒரு டிவி, எதிரே நிற்கும் படக்கண்ணாடி இன்னொரு திரை, வயிற்றுக்குள்ளே ஒரு கணினி. ராண்டி டேவிஸ் என்பவர் தொடங்கிய விஷுவல் பின்பால் என்ற மென்பொருளில், உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்கள் பழைய மேஜைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்து வைத்திருக்கிறார்கள். பின்மேம் என்ற இன்னொரு மென்பொருள், பழைய இயந்திரத்தின் மின்மூளை நடந்துகொண்ட விதத்தை அப்படியே நடித்துக் காட்டுகிறது. எங்கள் வீட்டு மேஜையை, மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது செய்து வைத்துவிட்டுப் போனான். பராமரிப்பு என் பொறுப்பு. பென்ஷன்காரனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது.

இனி வழக்கு. எதிர்க்கட்சி மூன்று.

முதல் கட்சி, "எல்லாம் நெட்ல கிடக்குது, திரும்ப இறக்கிக்கலாம்" என்பவர்கள். எங்கள் கணினி மெதுவாக ஓடுகிறது என்று ஒருமுறை பழுது பார்க்கக் கொடுத்தோம். எந்தக் கடை என்பது வேண்டாம். மறுநாள் போனால், டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துப் புது விண்டோஸ் போட்டுச் சிரித்த முகத்தோடு கொடுத்தார் அந்தத் தம்பி. "உள்ளே இருந்ததெல்லாம் எங்கேப்பா?" என்றேன். "கேம்தானே சார், திரும்ப ஏத்திக்கலாம்" என்றார். என்னிடம் நகல் இருந்தது, அன்று இரவே மேஜை எழுந்து நின்றது. நகல் இல்லாதவன் என்ன செய்வான் என்பதுதான் என் கேள்வி.

எது திரும்ப இறங்கும், எது இறங்காது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேஜைக் கோப்பு இறங்கும். அதுவும் நீங்கள் பழகிய அதே பதிப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆக்கியவர் திருத்திப் புதியதைப் போட்டுப் பழையதை எடுத்திருப்பார், இல்லை மொத்தமாகவே விலக்கிக்கொண்டிருப்பார். சரி, கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று திரைகளில் எது எங்கே என்று எழுதி வைத்த கோப்பு இறங்குமா? இழுகம்பி எவ்வளவு இழுத்தால் குண்டு எவ்வளவு பாய வேண்டும் என்று ராத்திரி ராத்திரியாகச் சரிபார்த்த அளவு இறங்குமா? எந்தப் பொத்தானுக்கு எந்த சோலினாய்டு தட்ட வேண்டும் என்ற பட்டியல் இறங்குமா? பின்மேம், ஒவ்வொரு மேஜைக்குமான அமைப்பை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிறது. விஷுவல் பின்பாலும் முன்பு அங்கேதான் எழுதியது, 10.8 பதிப்பிலிருந்துதான் தனிக் கோப்புக்கு மாறியது. ஆகவே, மேஜைகள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு நகல் எடுத்தாயிற்று என்பவர், பத்திரத்தின் முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தவர் மாதிரி.

எல்லாவற்றுக்கும் மேலாக, என்வி-ரேம் என்று ஒரு சிறு ஃபோல்டர் இருக்கிறது. பழைய இயந்திரங்கள் அதிகபட்ச மதிப்பெண்களையும் ஆடியவரின் மூன்றெழுத்தையும் பேட்டரி தாங்கிய நினைவகத்தில் வைத்திருந்தன. பேட்டரி தீர்ந்தால் நினைவு போகும். கசிந்தால் பலகையே அரித்துப் போகும். இன்றைக்கு அந்த நினைவகத்தின் இடத்தில் இருப்பது ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு சின்னக் கோப்பு. மேஜைக் கோப்பு நூறு மெகாபைட்டைத் தாண்டுவது சகஜம். இதுவோ சில கிலோபைட். பெரியதை உலகத்தில் யாரிடமும் வாங்கலாம். சின்னது உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

என் அக்கா அடுத்த தெருவில்தான் இருந்தாள். கணினியைத் தொட்டதே இல்லை. மேஜையை மட்டும் தொட்டாள். மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு வருவாள். 1992-இல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி மேஜைதான் அவளுக்கு. பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு குண்டைத் தூக்கிக்கொண்டு போகும், அதற்கு ஒவ்வொரு தடவையும் சின்னப் பெண் மாதிரி சிரிப்பாள். ஒருநாள் எங்கள் எல்லோரையும் தாண்டி முதலிடம் பிடித்தாள். மூன்றெழுத்தை எப்படிப் போடுவது என்று கேட்டு, பொத்தானைத் தட்டித் தட்டி அவளே போட்டாள். அக்கா போய் நான்கு வருஷம் ஆகிறது. யாரும் ஆடாமல் மேஜை சும்மா நிற்கும்போது, மதிப்பெண் பட்டியல் ஓடும் நேரத்தில் அந்த மூன்றெழுத்து வந்து போகிறது. "திரும்ப ஏத்திக்கலாம்" என்கிறவர், அதை எந்தத் தளத்திலிருந்து ஏற்றித் தருவார்?

இரண்டாவது கட்சி, "உள்ளேயே இன்னொரு டிஸ்க் மாட்டியிருக்கேன், அதுவே தன்னால நகல் எடுத்துக்கும்" என்பவர்கள். இவர்களுக்கு என் பழைய தொழிலிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். நான் லிசேயில் பிரெஞ்சு வழியில் படித்தவன், அரசு எழுத்தராகப் பதிவேடுகளோடு காலம் தள்ளியவன். பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடு இரட்டைப் பிரதியாக இருக்க வேண்டும். ஒன்று மேரியில், மற்றொன்று நீதிமன்றத்தில். பாரிஸ் நகரத்திலும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். 1871 மே மாதம், கம்யூன் கலகத்தின் கடைசி வாரத்தில், நகராட்சிக் கட்டடமும் நீதிமன்றக் கட்டடமும் எரிந்தன. இரண்டு பிரதியும் ஒரே ஊரில் இருந்ததால் இரண்டும் சாம்பல். 1860-க்கு முந்தைய ஏறத்தாழ 80 லட்சம் பதிவுகள் போயின. பல ஆண்டு பாடுபட்டும் மூன்றில் ஒரு பங்கைத்தான் திரும்ப எழுத முடிந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் வைத்திருப்பவர், பாரிஸ்காரர்களைவிட மோசம். அவர்களாவது இரண்டு கட்டடத்தில் வைத்தார்கள். ஒரு இடி, ஒரு பவர் சப்ளை கோளாறு, சோலினாய்டுக்குப் போகும் 24 வோல்ட் தவறி மதர்போர்டில் பட்டால் போதும், இரண்டும் சேர்ந்தே போகும்.

எங்கள் புதுச்சேரிக் கதை வேறு. 1776 ஜூனில் பதினாறாம் லூயி ஓர் ஆணை போட்டார்: குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்குக் கூடுதலாக ஒரு பிரதி எழுதிக் கப்பலேற்றி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். கரையான், ஈரம், புயல், போர் என்று இங்கே எது நடந்தாலும் அங்கே ஒன்று இருக்கும். அந்தப் பிரதிகள் இன்று ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாட்டன் பூட்டன் பெயரை இங்கிருந்தே கணினியில் தேடிப் பார்க்கிறோம். இன்று கணினிக்காரர்கள் 3-2-1 விதி என்பார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் இதைப் பிரபலப்படுத்தினார். எங்களூர் எழுத்தர்களுக்கு இது இறகுப் பேனா காலத்துச் சங்கதி. என் மூன்றாம் பிரதி துலூஸில் மகள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கப்பலுக்குப் பதில் அவள் பெட்டி, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் போனது.

மூன்றாவது கட்சி, "க்ளவுட்ல போட்டாச்சு" என்பவர்கள். போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே இருப்பதை அங்கே அப்படியே பிரதிபலிக்கும் ஏற்பாடு நகல் ஆகாது. இங்கே பேரன் கைதவறி அழித்தால், அங்கேயும் அழியும். இங்கே கோப்பு கெட்டால், கெட்ட கோப்பு அங்கேயும் போய் உட்காரும். பழைய பதிப்பைச் சில நாள் வைத்திருப்பார்கள்தான். நீங்கள் அந்த மேஜையை மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது அது இருக்காது. தேதி போட்ட தனித்தனி நகல்தான் நகல். எங்கள் அலுவலகத்தில் எழுதி முடித்த பிரதியை ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்து, 'ஒப்பிடப்பட்டது' என்று சுருக்கொப்பம் போட்ட பிறகுதான் அதற்குப் பிரதி என்று பெயர். திரும்பப் போட்டுப் பார்க்காத நகலும் அதுபோலத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு பழைய டிஸ்க்கில் அதை ஏற்றி, ஒரு மேஜையாவது ஓடுகிறதா, பழைய மதிப்பெண் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பேக்கப் என்பதற்குப் பிரெஞ்சில் 'சோவ்கார்ட்' என்பார்கள். கணினி பிறப்பதற்கு மிக முன்பே இருந்த சொல், பாதுகாவல் என்று பொருள். எனக்குப் பிடித்த சொல், ஏனென்றால் நகல் எடுப்பதும் காப்பதும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. நகல் இருக்கிறதே என்று இயந்திரத்தைக் கவனிக்காமல் விடுவதும் தப்பு. பின்மேம் மதிப்பெண்ணை எழுதுவது, மேஜையை மூடி வெளியே வரும்போது. ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அன்றைய சாதனை காற்றோடு போச்சு. ஆகவே யு.பி.எஸ். கட்டாயம். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். சித்திரை வெயிலில் பெட்டிக்குள் காற்று ஓட விசிறி வேண்டும், அந்த ஓட்டைகளில் பல்லியும் எலியும் நுழையாமல் வலை வேண்டும். கடற்கரை ஊரில் உப்புக்காற்று செம்பையெல்லாம் பச்சையாக்கும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மேஜைக்குக் கால் இருக்கிறது, தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கால் இல்லை. அதைச் சுவரில் ஏற்றுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் அப்டேட் திரை வரிசையை மாற்றும், ஆன்டிவைரஸ் நல்ல கோப்பைத் திருடன் என்று பிடித்துப் போகும்.

கடைசியாக அந்தச் சிரிப்பு. "ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா?" பின்பாலின் மூதாதைக்கு 'பகத்தேல்' என்று பெயர். பிரெஞ்சில் அற்ப விஷயம் என்றும் அதற்குப் பொருள். மான்டேக் ரெட்கிரேவ் அதற்கு சுருள்கம்பி வைத்த இழுகம்பியைப் பொருத்தி அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1871 மே 30. பாரிஸில் அந்தப் பதிவேடுகள் எரிந்த அதே மாதம்! நியூயார்க் மேயர் லா கார்டியா 1942-இல் பின்பாலைத் தடை செய்து சுத்தியலால் உடைக்க வைத்தார், தடை நீங்க 1976 ஆயிற்று. பெரிய உற்பத்தியாளரான வில்லியம்ஸ் நிறுவனம் 1999-இல் பின்பால் தயாரிப்பையே மூடியது. ஊரே அற்பம் என்று விட்ட பொருளை, வீட்டில் உட்கார்ந்து வரைந்தும் அளந்தும் காப்பாற்றியவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். அவர்கள் உழைப்பை இலவசமாக வாங்கி வைத்துக்கொண்டு, நம் பங்குக்கு ஒரு நகல்கூட எடுக்க மாட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்? என் பணிக்காலத்தில் ரப்பர் ஸ்டாம்ப் கேட்டு எழுதும் கடிதத்துக்கே மூன்று பிரதி வைத்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். முழு டிஸ்க்குக்கும் ஓர் இமேஜ் எடுங்கள், அதில் விண்டோஸும் ரெஜிஸ்ட்ரியும் சேர்ந்து வந்துவிடும். ஒரே ஒரு கோப்பு கெட்டால் எடுத்துப் போட, ஃபோல்டர்களைத் தனியாகவும் நகல் எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில். பெட்டியைத் திறந்து வயரிங்கை போனில் படம் பிடித்து, அச்சடித்துப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஒவ்வொரு யு.எஸ்.பி. வயருக்கும் சீட்டு கட்டுங்கள். நாளைக்கு நாம் இல்லாதபோது திறக்கிறவனுக்கு அது வேண்டும்.

இதெல்லாம் இன்றைக்கு முடியாது என்றால், அந்த என்வி-ரேம் ஃபோல்டரை மட்டுமாவது ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்து வையுங்கள். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.