நாம் போடும் ரீல்ஸை யாரெல்லாம் பார்க்கிறார்கள்?

இரவு 11 மணிக்கு அந்த அழைப்பு வந்தது. "அண்ணா, அந்த வீடியோவை உடனே எடுத்துருங்க. எங்க மாமா பார்த்துட்டாரு" என்றார் அந்தப் பெண். குரல் நடுங்கியது.

இரண்டு வாரத்துக்கு முன்பு அவருடைய திருமணத்தைப் படம்பிடித்தவன் நான். சாதி மறுப்புத் திருமணம். சிறிய அரங்கில், நாற்பது பேர் முன்னிலையில், மாலை மாற்றிக்கொண்டு உறுதிமொழி ஏற்றார்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்த நிறைவில் 30 நொடிக்கு ஒரு ரீல்ஸ் வெட்டி, ஊர்ப் பெயரை லொகேஷனில் போட்டு, இருவரையும் டேக் செய்து பதிவிட்டேன். என் பக்கத்தில் அதுவரை எதற்கும் வராத அளவுக்குப் பார்வைகள் வந்தன. அவற்றில் ஒன்று பெண்ணின் தாய்மாமனுடையது.

ஐந்தே நிமிடத்தில் நீக்கிவிட்டேன். ஆனால் என் பக்கத்திலிருந்துதான் நீக்க முடிந்தது. அதற்குள் யார் சேமித்தார்கள், எந்த வாட்ஸப் குழுவுக்குப் போனது என்பது என் கையில் இல்லை. அந்த வாரமே அவர்கள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள். என் விளம்பரத்துக்கான செலவை அவர்கள் கொடுத்தார்கள்.

சமூக வலைத்தளமே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது என்ன செய்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். நம் ஊர்களில் ஸ்டுடியோ என்றால் கடைவீதியில் இருக்க வேண்டும். அங்கே கடை பிடிக்க அட்வான்ஸ் மட்டும் போதாது, 'நீங்க எந்தப் பக்கம் தம்பி?' என்ற கேள்விக்குக் கடைக்காரர் விரும்பும் பதிலும் வேண்டும். கல்யாண ஆர்டர்கள் மண்டபக்காரர், பந்தல்காரர், சமையல்காரர் என்று தெரிந்தவர் வாய்வழியாக வருபவை. அந்தத் 'தெரிந்தவர்' வட்டத்தைப் போட்டது சாதி. சேரியிலிருந்து கேமராவைத் தூக்கியவன் லைட் பிடிக்கிற பையனாகவே பத்து வருடம் நின்றுவிடுவான்.

இன்ஸ்டாகிராம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. கடை இல்லாமல், பேர் சொல்ல ஆள் இல்லாமல், எடுத்த படத்தை நேராகக் காட்ட முடிந்தது. கேமரா நம் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை மண்ணே சாட்சி. தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் மலக்குழி மரணங்களையும் தொடர்ந்து பதிவு செய்துவரும் எம். பழனிக்குமார், 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் வீட்டையும் குடும்பத்தையுமே படத்தொடராக்கினார். கல்யாண வீட்டில் கேமரா பிடிக்கும் நமக்கும் அந்த வரிசையில் ஓர் ஓரத்தில் இடம் உண்டு.

ஆனால் கதவு திறந்த உடனே சாதியும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டது. கல்யாணப் படங்களுக்குக் கீழே சாதிப் பெயரில் ஹேஷ்டேக். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும் காட்சிக்குச் சாதிப் பெருமைப் பாட்டு. பக்கத்தின் பெயரிலேயே சாதிப் பட்டம். கேட்டால், "கஸ்டமர் கேக்குறாங்க தோழர், ரீச்சும் நல்லா வருது" என்பார்கள். ரீச் வரத்தான் செய்யும். ஒரு பதிவை யார் விரும்பிப் பார்க்கிறார்களோ, அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் அல்காரிதம் அடுத்ததையும் தள்ளும். மதம், இனம், அரசியல் சார்பு போன்றவற்றோடு தொடர்புடைய பல பிரிவுகளை விளம்பரதாரர்கள் தேர்ந்தெடுக்கும் வசதியை மெட்டா 2022 ஜனவரியில் நீக்கத் தொடங்கியது. நாமோ காசு வாங்காமலே, ஹேஷ்டேக் போட்டு அந்த வேலையைச் செய்து கொடுக்கிறோம். கொஞ்ச நாளில் நம் பக்கம் சாதிச் சங்கத்தின் காலண்டராகிவிடும். அதில் நமக்கே இடம் இருக்காது.

நிறமும் அப்படித்தான். ஒரு காலத்தில் கலர் ஃபிலிமின் நிறத்தைச் சரிபார்க்க, வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படம் அச்சிட்ட 'ஷெர்லி கார்டு' என்ற அட்டையைத்தான் உலகம் முழுக்க ஆய்வகங்கள் வைத்திருந்தன. ஃபிலிம் போய்விட்டது, அந்த அட்டை நம் தலைக்குள் இருக்கிறது. "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்கண்ணா" என்று கேட்பதற்கு முன்பே நாம் ஏற்றிவிடுகிறோம். கறுப்பான மணமக்களைப் படம் எடுத்துக் காசு வாங்கிக்கொண்டு, பக்கத்தின் முதல் வரிசையில் சிவப்பான முகங்களை மட்டும் அடுக்குகிறோம்.

இவையெல்லாம் மற்றவர்களைப் பார்த்துச் சொல்வது சுலபம். எனக்குக் கடினமாக இருந்தது அந்த 11 மணி அழைப்புதான். ஏனென்றால் நான் சாதி ஹேஷ்டேக் போட்டதில்லை. முற்போக்கான காரியம் செய்கிறோம் என்று நம்பித்தான் அந்த ரீல்ஸைப் போட்டேன்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்டார். இந்த மாநிலத்தில் சாதி மறுத்துக் காதலிப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்போது வெளியே வருகிறார்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட தகவல். நான் என் ரீல்ஸில் போட்டது அதைத்தான். ஊர், முகம், யார் யார் உடன் நின்றார்கள், டேக் வழியாக இருவரின் கணக்கு. தேடி அலைகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன்படி திருமணப் பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்பை ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு இணையரின் பெயரையும் முகவரியையும் வீட்டாருக்கும் சாதி வெறியர்களுக்கும் காட்டிக்கொடுக்கிறது என்று நாம் பல காலமாக எதிர்த்து வருகிறோம். இணையர் விரும்பினால் மட்டுமே அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மகிழ்ந்தோம். அரசு அலுவலகச் சுவரில் ஒரு மாதம் ஒட்டுவதை எதிர்க்கும் நாம், யாரும் கிழிக்க முடியாத சுவரில் கேட்காமலே ஒட்டுகிறோம்.

"மறைத்து வைத்தால் சாதி மறுப்புத் திருமணம் எப்படிப் பரவும்?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் நிறைவேறுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே அவை மேடை போட்டு ஊரறிய நடந்தன. வெளிப்படையாக நடந்ததால்தான் பரவின. ஆனால் அந்த மேடையில் ஏறுவது என்று முடிவெடுத்தவர்கள் அந்த இணையர்தான், படம்பிடித்தவர் அல்ல. துணிச்சல் அவர்களுடையது. அதைச் செலவழிக்கும் உரிமையும் அவர்களுடையது. ஃபாலோயர் எண்ணிக்கைக்காக நாம் அதை எடுத்துச் செலவழிக்கக் கூடாது.

அந்த இரவுக்குப் பிறகு என் வேலை முறையை மாற்றிக்கொண்டேன். ஆர்டர் எடுக்கும்போதே படங்களை வெளியிடலாமா என்று தனியாகக் கேட்கிறேன். பணம் கொடுக்கும் அப்பாவிடம் கேட்பதில்லை. மணமக்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குகிறேன். ஒருவர் வேண்டாம் என்றாலும் போடுவதில்லை. திருமணமாகிச் சில மாதம் கழித்து, பதிவிடும் முன் மறுபடியும் கேட்கிறேன். லொகேஷனும் டேக்கும் கிடையாது. முகம் வேண்டாம் என்றால் மாலையைப் பிடித்த கைகள், பறையடிக்கும் தோழர்கள், வாசலில் கிடக்கும் செருப்புகள் என்று எடுத்த படங்கள் இருக்கின்றன. வேலை தெரிந்தவனுக்கு அவையே போதும். எப்போது நீக்கச் சொன்னாலும் காரணம் கேட்காமல் நீக்குகிறேன். உடன் வரும் இரண்டாவது கேமராக்காரரும் எடிட்டரும் தங்கள் பக்கத்தில் போடக் கூடாது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுகிறேன். பெரும்பாலும் ஓட்டை விழுவது அங்கேதான்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். "ரீல்ஸ் போட ஒத்துக்கிட்டா ரேட் குறைச்சுக்கிறேன்" என்று முன்பு சொல்வேன். வீட்டை எதிர்த்து, கையில் காசில்லாமல் கல்யாணம் செய்கிறவர்கள்தான் அதற்குச் சம்மதிப்பார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களும் அவர்களே. ஏழ்மையைக் காட்டி வாங்குவது சம்மதம் ஆகாது. குறைக்க முடிந்தால் சும்மாவே குறைக்கலாம்.

இதனால் ரீச் குறைந்ததா? குறைந்தது. ஆனால் "நம்பிக் கூப்பிடலாம்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி வருகிற அழைப்புகள் கூடியிருக்கின்றன. சாதியால் வரையப்படாத ஒரு 'தெரிந்தவர்' வட்டம் மெல்ல உருவாகிறது. அதுதான் நம் தொழிலுக்கான உண்மையான முதலீடு என்று நினைக்கிறேன்.

கேமரா வைத்திருக்கும் தோழர்களே, அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்ததைப் பதிவிடும் முன் அந்த இருவருக்கும் ஒரு போன் போடுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். நான் போடவில்லை.