320 என்று போட்டிருந்தால் போதுமா?

"320 கேபிபிஎஸ், சூப்பர் குவாலிட்டி" என்று யாராவது பென் டிரைவை நீட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். அந்த எண் ஒரு விநாடிப் பாட்டுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்றுதான் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

கல்லூரியில் படித்தபோது அப்பாவின் ஆடியோ சிடிக்களை எல்லாம் 128 கேபிபிஎஸ் எம்பி3 பைல்களாக மாற்றினேன். இனி எதற்கு என்று சிடிக்களையும் கொடுத்துவிட்டேன். (இன்ஜினியரிங் மாணவன் செய்த வேலை!) பிறகு புத்தி வந்து அதே பைல்களை 320 ஆக மாற்றினேன். பைல் இரண்டரை மடங்கு பெருத்ததுதான் மிச்சம். சிடியில் விநாடிக்கு 1411 கிலோபிட் தகவல் உள்ளது. காது கவனிக்காது என்று கருதும் பகுதிகளை எம்பி3 வெட்டி எறிகிறது. எறிந்தது திரும்பாது.

கண்டுபிடிக்க, இலவச ஆடாசிட்டி புரோகிராமில் பாட்டைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். 128 பாட்டு பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தரித்தது போல நிற்கும். நல்ல 320 பைல் 20 வரை போகும். பல பழைய ஒலிப்பதிவுகளில் அந்த உயரத்தில் ஓசையே இருக்காது. அவற்றைச் சந்தேகப்படாதீர்கள்.

கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான். சிடி பாட்டையும் அதன் எம்பி3-யையும் ஒரே ஒலி அளவில் வைத்து, எது என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். (சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும்.) பத்தில் ஐந்து சரி என்றால் அது குருட்டாம்போக்குதான். கைதட்டல் ஓசையில் 128-ஐப் பிடித்துவிடுகிறேன். 192-க்கு மேல் தடுமாறுகிறேன். எனவே கேட்க 192, பாதுகாத்து வைக்க ஃபிளாக் என்பது என் கட்சி.