இன்ஜின் எண்ணுக்கு வரலாறு உண்டு, இன்ஜினைப் பொருத்தியவருக்கு இல்லையா?

2014 ஜூன் மாதம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு பழைய கார் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 21 கோடி ரூபாய். 1971 மாடல் பிளைமவுத் ஹெமி கூடா, கூரையை மடக்கக்கூடிய வகை. அந்த மாடலில் அந்த வகையில் வெளிவந்ததே பத்துப் பன்னிரண்டு வண்டிகள்தான். இப்படிப்பட்ட கார்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்களைக் கேட்டால், "வரலாற்றைக் காப்பாற்றுகிறோம்" என்பார்கள். யாருடைய வரலாற்றை? அதுதான் தோழர்களே, நம்முடைய கேள்வி.

1960களின் நடுவில் அமெரிக்கக் கம்பெனிகள் அதிகம் பெரிதல்லாத காருக்குள் பெரிய வி8 இன்ஜினை இறக்கி, சம்பாதிக்கத் தொடங்கிய இளைஞர்களுக்கு எட்டும் விலையில் விற்றன. அவைதான் மசில் கார்கள். அவற்றில் குறைந்த எண்ணிக்கையில் வந்தவை இன்று கோடீஸ்வரர்களின் வேட்டைப்பொருள். இந்த வேட்டைக்கு ஒரு இலக்கணமே இருக்கிறது. 1971 கூடாவின் அடையாள எண்ணில் ஐந்தாவதாக 'ஆர்' இருந்தால் 426 கன அங்குல ஹெமி இன்ஜின். ஏழாவதாக 'பி' இருந்தால் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில் இருந்த டாட்ஜ் மெயின் ஆலையில் செய்தது. அந்த எண்ணின் பின்பகுதி இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் குத்தப்பட்டிருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால் 'மேட்சிங் நம்பர்ஸ்'. விலை விண்ணைத் தொடும்.

இதோடு முடியவில்லை. எந்த வண்டிக்கு எதைப் பொருத்த வேண்டும் என்று ஆலையில் அச்சடித்த தாள் ஒன்று உண்டு. வேலை நடக்கும்போது அது சீட்டு ஸ்பிரிங்குக்குள் சிக்கிக் கிடந்துவிடும். ஐம்பது வருடம் கழித்துச் சீட்டைப் பிரிக்கும்போது அந்தத் தாள் கிடைத்தால் உரிமையாளருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. போல்ட்டை முறுக்கியாயிற்று, சோதித்தாயிற்று என்று காட்டத் தொழிலாளிகள் பெயிண்டாலும் மெழுகுப் பென்சிலாலும் போட்ட கிறுக்கல்கள் உண்டு. வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் அவற்றையும் அதே இடத்தில், அதே நிறத்தில் திரும்பப் போடுகிறார்கள். பெரிய கண்காட்சிகளில் நடுவர்கள் அதையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

கிறுக்கலுக்கு இவ்வளவு மரியாதை. அதைப் போட்ட கை யாருடையது?

1968ல் டாட்ஜ் மெயின் தொழிலாளிகளில் பெரும்பகுதியினர் கறுப்பினத்தவர். உடல் முறியும் வேலை, புகையும் அழுக்கும் ஆபத்தும் நிறைந்த வேலை அவர்களுக்கு. ஃபோர்மேன் பதவியும் திறன் தொழிலும் ஏறக்குறைய முழுக்க வெள்ளையருக்கு. இயந்திரமயமாக்கலால் உற்பத்தி கூடியது என்றது முதலாளி தரப்பு. மூன்று வெள்ளையர் செய்த வேலையை ஒரே கறுப்பர் தலையில் கட்டியதால் கூடியது என்றார்கள் தொழிலாளிகள். அந்த ஆண்டு மே 2ஆம் தேதி, அசெம்பிளி லைனின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. வெள்ளையரும் சேர்ந்துதான் நிறுத்தினார்கள். தண்டனை மட்டும் பெரிதும் கறுப்பர்கள் மேல் விழுந்தது. வேலை பறிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஜெனரல் கார்டன் பேக்கர். அவரும் தோழர்களும் டாட்ஜ் புரட்சிகர யூனியன் இயக்கத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாக 'ட்ரம்'. கம்பெனியின் நிறவெறியோடு, அதைக் கண்டும் காணாமல் இருந்த தங்கள் தொழிற்சங்கத் தலைமையையும் சேர்த்தே எதிர்த்தார்கள். மற்ற ஆலைகளிலும் இதே மாதிரி இயக்கங்கள் முளைத்தன. 1969ல் அவை புரட்சிகரக் கறுப்புத் தொழிலாளர் கழகமாக ஒன்றுசேர்ந்தன.

கிரைஸ்லருக்கு ஆக்சில் செய்து தந்த டெட்ராய்ட் எல்டன் அவென்யூ ஆலையில், 1970 மே மாதம் 22 வயதுக் கறுப்பு இளைஞர் ஒருவர் செத்தார். வியட்நாம் போரிலிருந்து உயிரோடு திரும்பியவர். பழுதான சரக்கு வண்டியை ஓட்டும்போது அது கவிழ்ந்து, ஐந்து டன் இரும்பு அவர் மேல் சரிந்தது. சில மாதங்களில் 1971 மாடல் கார்கள் லைனில் வரத் தொடங்கின. எந்த ஏலப் புத்தகத்திலாவது, காரின் 'முழு வரலாறு' என்ற தலைப்பின் கீழ் இந்தச் சாவைப் பற்றி ஒரு வரி இருக்குமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண பாரகூடா ஒன்றை வாங்கி, அதில் அசல் ஹெமி இன்ஜினைப் பொருத்தி, ஒரு குறையும் இல்லாமல் முடித்தாலும் அதற்குப் பெயர் 'குளோன்'. அதே வேகம், அதே சத்தம், அதே நிறம். ஆனால் விலை பல மடங்கு குறைவு. ஏனென்றால் அதன் பிறப்பு எண் வேறு. இரும்புக்குப் பிறப்புப் பார்ப்பதால் யாருக்கும் காயமில்லை, அதற்காக நாம் சண்டைக்குப் போகப் போவதுமில்லை. ஆனால் பிறப்பை வைத்து மதிப்பை அளக்கிற மனசு எப்படி வேலை செய்யும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அந்த மனசு பொருளின் பூர்வீகத்தை நட்டு போல்ட் வரை தோண்டும். அதைச் செய்தவரின் பெயரை மட்டும் கேட்காது.

"அப்படியானால் காருக்கு ஆசைப்படுவதே தப்பா?" என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். நம் பிள்ளை வண்டியில் கம்பீரமாகப் போவதைச் சகிக்காத ஊரில் இருந்துகொண்டு, "வண்டி ஆசை வேண்டாம்" என்று நாமே உபதேசம் செய்ய முடியாது. ஓட்டுங்கள். வசதி வந்தால் வாங்குங்கள். செய்த கையை அழித்துவிட்டுச் செய்த பொருளைக் கும்பிடுகிற அந்தக் 'காப்பாற்றலை' மட்டும் வரலாறு என்று ஏற்காதீர்கள்.

டெட்ராய்ட் நமக்குத் தூரமான ஊர் அல்ல. ஓக்லண்டின் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் பயிற்சித் தொழிலாளியாகவும் லைனில் நிற்பவர்களில் நம் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற கார்களும் ஒருநாள் அபூர்வமாகும், ஏலத்துக்கு வரும். அன்றைக்கு அந்தக் கார்களின் வரலாற்றை யார் எழுதப் போகிறார்கள்?

சேகரிப்பாளர்களிடமிருந்து நாம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். துண்டுத் தாளைக்கூடத் தூக்கி எறியாத பிடிவாதம். அவர்கள் காருக்காக அலைவதைப் போல நாம் மனிதர்களுக்காக அலைய வேண்டும். சம்பளச் சீட்டு, கேட் பாஸ், ஒப்பந்தக்காரர் தந்த அட்டை, விபத்து நடந்த நாளில் எடுத்த போட்டோ, வேலையைவிட்டு நிறுத்திய கடிதம் எல்லாவற்றையும் வாங்கி நகலெடுத்து வையுங்கள். வீட்டுக்கு வரும் அண்ணனை உட்காரவைத்து, எந்த லைனில் என்ன செய்தார், யார் என்ன சொல்லித் திட்டினார், யார் கை போனது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். டெட்ராய்ட் தொழிலாளிகள் அதைத்தான் செய்தார்கள். ஆலை வாசலில் அவர்களே எழுதி அச்சடித்துக் கொடுத்த செய்தித்தாள்களாலும், 1970ல் வந்த 'ஃபைனலி காட் தி நியூஸ்' ஆவணப்படத்தாலும்தான் இன்று நமக்கு இந்தக் கதை தெரிகிறது. அந்தப் படத்தைத் தேடி, உங்கள் விடுதியில் பத்துப் பேராக உட்கார்ந்து பாருங்கள்.

டாட்ஜ் மெயின் 1980 ஜனவரியில் மூடப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டது. அங்கே செய்த கார்கள் கண்ணாடி போலத் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. செய்தவர்களின் பெயரைத் துடைத்து எடுப்பது நம் வேலை.

ஜெய் பீம்.