உலக்கை நின்றது, நாமும் நின்றோம்

2019 டிசம்பர் 26 காலை, தொரப்பள்ளியில் ஒரு புங்கமரத்தடியில் நின்றிருந்தோம். ஒன்பதரை மணியளவில் சூரியனின் பெரும்பகுதி மறைந்திருந்தது. மேகம் விலகிய சில நிமிடங்களில், இலையிடுக்குகளின் வழியே மண்ணில் விழுந்த ஒளிப்புள்ளிகள் யாவும் பிறைகளாயின. நூற்றுக்கணக்கான பிறைகள், பார்க்கத்தான் ஆளில்லை. கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு வாசலில் மட்டும் தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்தி, அது விழாமல் நிற்பதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இவர்களைப் பார்த்து நகைப்பது எளிது. நம் சினம் அவர்கள்மீது அன்று. அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்பதை மறுநாள் நிறுத்திக் காட்ட, படித்தவர் ஒருவரும் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. கிரகண வேளையில் தெருமுனையில் நின்று சிற்றுண்டி உண்ணும் பகுத்தறிவாளரின் துணிவை மதிக்கிறோம். ஆனால் அஞ்சாமை மட்டுமே அறிவாகிவிடாது. அமாவாசைதோறும் கிரகணம் ஏன் நிகழ்வதில்லை என்று கேட்டால், உண்டவரும் உண்ணாதவரும் ஒருங்கே விழிக்கிறார்கள்.

இலக்கியவாதிகளோ, விளக்கினால் வியப்பு செத்துவிடும் என்கிறார்கள். இது சோம்பலுக்குச் சூட்டிய அழகிய பெயர். சூரியன் நிலவைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. ஆகவே இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவு. நிலவின் பாதை ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான அமாவாசைகளில் அதன் நிழல் புவியைத் தவறவிடுகிறது. நிலவு சற்று விலகியிருக்கும்போது அதனால் சூரியனை முழுதும் மூட முடியாது. அன்று ஈரோட்டிலும் கரூரிலும் திண்டுக்கல்லிலும் தெரிந்த நெருப்பு வளையம் அத்தகையது. முழுதும் மூடும்போதுதான் பகலில் இருள் கவிந்து சூரியனின் வெண்ணிற ஒளிமகுடம் வெளிப்படுகிறது. இதை அறிந்தபின் எந்த வியப்பு செத்தது?

நமக்கு இது புதிதுமன்று. 1825இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு, தரையில் சோழிகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் பதிந்திருக்கிறார். 1868 முழுக் கிரகணத்தைச் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் ஆராய்ந்தார். 1871 டிசம்பர் 12 முழு நிழல் நீலகிரியைக் கடந்து யாழ்ப்பாணம் வரை சென்றபோது, அதைக் காணப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் சோலூருக்கு வந்தார். 1980 பிப்ரவரி 16 அன்று அண்டைக் கர்நாடகத்தில் பகல் இருண்டபோது, திரளான மக்கள் வீட்டுக்குள் அடைந்திருந்தார்கள்.

தொரப்பள்ளி ராஜாஜி பிறந்த ஊர். அவருடைய 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தை ஏற்பவரல்லர் நாம். ஆயினும் 1916இல் சேலத்தில் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் தொடங்கியவர் அவர். வேதியியலைத் திண்ணைக்குக் கொண்டுவந்து ‘திண்ணை ரசாயனம்’ எழுதியவரும் அவரே. அந்தத் திண்ணையை நாம் காலியாக விட்டுவிட்டோம்.

குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவர் நாமே. மாணவர்களைக் கிரகணம் காண அழைத்துச் செல்ல அனுமதி கேட்டோம். ‘கண் போனால் யார் பொறுப்பு?’ என்றது நிர்வாகம். உரிய கண்ணாடி போதும் என்று வாதாடாமல் திரும்பினோம். இருபதாண்டுகளாக, மதியை அரவு விழுங்கும் உவமையின் நயத்தை வகுப்பில் வியந்தோம். ஒருநாளும் கரும்பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்து அந்த நிழலைக் காட்டினோமில்லை. தமிழாசிரியருக்கு அது வேலையில்லை என்று யார் சொன்னது?

2031 மே 21 அன்று வளையக் கிரகணம் தென் தமிழகத்தைக் கடக்கும். 2034 மார்ச் 20 அன்று முழு நிழல் காஷ்மீரத்தைத் தொடும். நாள் குறித்தாயிற்று. அதற்குள் அந்தத் தெருவுக்கு ஓர் உலக்கையுடனும் ஒரு சல்லடையுடனும் போக வேண்டும்: ஒன்று சாதாரண நாளில் நிறுத்திக் காட்ட, மற்றது கிரகண நாளில் பிறைகளைத் தரையில் விழச் செய்ய. போகாவிட்டால், அஞ்சியவர்கள் அவர்கள் என்று இனி எழுதாதிருப்போம்.