கோழியைச் சாட்சிக்கு அழைக்காதீர்!

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (விலங்கியல்) மாணவி

சென்ற தை மாதம் எங்கள் ஊர்க் களத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் அந்த மாதம் களங்களெல்லாம் மஞ்சள்தான். சிந்திய மணிகளை எங்கள் வீட்டுக் கோழிகள் பொறுக்கிக்கொண்டிருந்தன. கொழுத்த கோழி ஒன்று மெலிந்த ஒன்றைத் தலையில் கொத்தி விரட்டியது. பக்கத்தில் சாக்குப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "பாத்தியாம்மா, கோழியிலயே மேல சாதி, கீழ சாதி இருக்கு. மனுசனுக்கு மட்டும் கூடாதுன்னு காலேசுல சொல்லிக் குடுக்குறாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. விலங்கியல் படிக்கிறவளுக்குக் கோழியைப் பற்றிப் பதில் வரவில்லை என்பது இன்னும் வெட்கமாக இருந்தது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சற்றுத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

பெரியவர் கண்ணால் கண்டது பொய்யன்று. நார்வே நாட்டு அறிஞர் தோர்லீஃப் ஷெல்டரூப்-எப்பே சிறுவனாக இருந்தபோதே, எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்று குறித்துவைக்கத் தொடங்கியவர். 1922இல் அதை ஆய்வாக வெளியிட்டார். கொத்து வரிசை என்று நாம் அதைச் சொல்லலாம். முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைசிக் கோழி எல்லாவற்றிடமும் கொத்துப்படும். வரிசை அமைந்துவிட்டால் பெரிய சண்டை குறைந்துவிடும். ஒரு முறைப்பே போதும். ஆனால் அதே அறிஞர் இன்னொன்றையும் கண்டார். முதலாவது இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், அந்த மூன்றாவதோ முதலாவதையே கொத்தும்! இந்த முக்கோணத்தை மட்டும் யாரும் மேற்கோள் காட்டக் காணோம்.

விடுமுறையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நானும் கொல்லையில் உட்கார்ந்தேன். ஏழு பெட்டை, ஒரு சேவல். கொண்டைச்சிதான் பட்டத்துக் கோழி. அவள் அடைக்கு உட்கார்ந்து 21 நாள் முட்டையைக் காத்து, குஞ்சுகளை வளர்த்துப் பிரித்துவிட்டு வந்து பார்த்தால், கருப்பி முதலிடத்தில் இருந்தாள். அவளுடைய பெண் குஞ்சுகள் இரண்டும் இப்போது விடைக்கோழிகள், வரிசையில் கடைசி. பட்டத்துக் கோழியின் மகள் என்று எந்தக் கோழியும் அவற்றுக்கு வழிவிடவில்லை. தாத்தாவின் சாதியில் இப்படி உண்டா?

அந்த மெலிந்த கோழி சாம்பல் நிறம். அதன் பெயரும் சாம்பலி. "சீக்குக் கோழி, செத்துப்போறதுக்குள்ள சந்தையில போட்டுடலாம்" என்று அம்மா முடிவு கட்டியிருந்தார். எனக்கு அது சீக்காகத் தெரியவில்லை. மாலையில் அம்மா ஒரே அலுமினியத் தட்டில் நொய்யும் பழைய சோறும் வைப்பார். கருப்பியும் கொண்டைச்சியும் தட்டைச் சுற்றி நின்றுகொள்ளும். சாம்பலி முருங்கை மரத்தடியிலேயே நிற்கும்; அது வரும்போது தட்டு காலி. "தட்டு வேண்டாம்மா, கொல்லை முழுக்க வீசு" என்றேன். அம்மாவுக்கு நம்பிக்கையில்லை, பிள்ளை கேட்கிறதே என்று வீசினார். ஒரு தட்டைக் காவல் காக்கக் கருப்பியால் முடியும். ஒரு கொல்லையைக் காக்க முடியாது. ஒரு மாதத்தில் சாம்பலி தேறியது. வைக்கோல் போரில் முட்டையும் வைத்தது. இன்றும் கருப்பியின் பக்கம் போனால் அதற்குக் கொத்து உண்டு. வரிசை கோழிகள் போட்டது. பட்டினி எங்கள் தட்டு போட்டது.

கரையான் பானையின் கதை வேறு. பழைய பானையில் சாணமும் வைக்கோலும் திணித்துத் தண்ணீர் தெளித்து, மாலையில் புற்றருகே கவிழ்த்துவைப்பார் அம்மா. காலையில் அதை உதறினால் கரையான் நாலாபுறமும் ஓடும். அப்போது கருப்பிக்கு யாரையும் கொத்த நேரமில்லை!

சேவலையும் சொல்ல வேண்டும். அது பெட்டைகளைவிட வலியது. ஆனாலும் ஒரு புழுவைக் கண்டால் தான் விழுங்காமல், "டுக் டுக்" என்று அழைத்து, அலகால் எடுத்தும் போட்டும் காட்டி, பெட்டையைத் தின்னவிடும். பீட்டர் மார்லர் என்ற அறிஞரும் உடன் ஆய்ந்தவர்களும் 1986இல், பெட்டை அருகில் இருந்தால் சேவல் அதிகம் அழைப்பதையும், நல்ல தீனிக்கு இன்னும் அதிகம் அழைப்பதையும் காட்டினார்கள். தின்ன முடியாத பொருளைக் காட்டிக்கூடச் சில வேளை சேவல் அழைக்கும் என்று 1988இல் எழுதினார்கள். அப்படியானால் இது தருமமன்று. இணை சேர்வதற்கான உபாயம். நான் சேவலைக் காட்டி, "மேலிருப்பவன் கீழிருப்பவனுக்கு ஊட்டுகிறான் பாருங்கள்" என்று வாதாடினால், அதுவும் தாத்தாவின் வாதத்தைப் போலவே நொண்டும். ஆகவேதான் மனிதன் வழக்கில் கோழியைச் சாட்சிக்கு அழைக்காதீர் என்கிறேன்.

நம் துறையில் கோழியின் இறகையும் எலும்பையும் அழகாக வரைந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறோம். பத்து நாள் வீட்டுக் கோழியைப் பார்த்து எழுதி வா என்று பேராசிரியர்கள் சொன்னால், நம்மில் பலருக்கு அம்மாவே துணை ஆசிரியராக இருப்பார். வீட்டில் கோழி இல்லாத நகரத்து நண்பர்கள் எங்கள் ஊருக்கு வரலாம், முட்டையும் உண்டு.

போன வாரம் அந்தப் பெரியவர் முட்டை வாங்க வந்தார். கொண்டைச்சியின் மகள்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. போகும்போது வாசலில் நின்று, "ஏம்மா, தட்டுல வைக்காம வீசிப்போட்டா எங்க வீட்டுக் கோழியும் முட்ட வைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.