ஹேங்கரில் இருப்பவர்களைக் கேட்டு மென்பொருள் வாங்குங்கள்

எஃப்-35 போர் விமானத்தின் முக்கிய உதிரிபாகங்களுக்கு மின்னணுப் பதிவேடு உண்டு. எப்போது பொருத்தினார்கள், எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது, எப்போது கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இவற்றைக் கையாள அமெரிக்கா 'ஆலிஸ்' என்ற மென்பொருளை நம்பியது. பதிவில் பிழையோ விடுபடலோ இருந்தால், பறக்கத் தகுதியான விமானத்தையும் அது தரையில் நிறுத்தச் சொன்னது. ஒரே ஒரு விமானப்படைப் பிரிவு, மென்பொருளின் குறையை ஈடுகட்டும் கூடுதல் வேலைக்கே ஆண்டுக்கு 45,000 மணி நேரத்துக்கும் மேல் போவதாகக் கணக்கிட்டது. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2020 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை சொல்லும் தகவல் இது.

அத்தனையும் ஸ்பேனர் பிடித்திருக்க வேண்டிய நேரம்.

அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஆலிஸுக்குப் பதிலாக 'ஓடின்' வரும் என்று பென்டகன் அறிவித்துவிட்டது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது.

அமெரிக்க விமானப்படை இயங்கும் கத்தாரின் அல் உதெய்த் தளத்தில் நடந்தது வேறு. வானில் எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானங்களின் அன்றாட அட்டவணையை அங்கே 2016-இலும் வெள்ளைப் பலகையில்தான் போட்டார்கள். ஒரு சிறு குழு, அட்டவணை போடுபவர்களிடமே கேட்டுக் கேட்டு, சில மாதங்களில் ஒரு செயலியை எழுதிக் கொடுத்தது. திட்டமிடும் நேரம் குறைந்தது. தேவையற்ற டேங்கர் பயணங்கள் குறைந்து எரிபொருளும் மிச்சமானது.

எந்த விமானப்படையும் பெரிய மென்பொருளுக்குக் கையெழுத்திடும் முன், அதை ஹேங்கரில் சில மாதங்களாவது பராமரிப்புப் பணியாளர்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அவர்களுக்கு ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும்.