முள் தைத்த இடத்துக்கு வழி காட்டுவது எது?

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே கவ்வாத்து வெட்டும் காலத்திற் காயம்படுதல் புதுமையன்று. கத்தி சற்றே வழுக்கினும் போதும். மறுநாள் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கும். இதனை நோயென்றே பலர் கருதுவர். உண்மையில், உடல் தன் படையைத் திரட்டும் ஆரவாரமே அது.

அப்படையின் முன்னணியில் நிற்பவை குருதியிலுள்ள வெண்கலங்கள். அவற்றுள்ளும் நியூத்திரோபில் எனப்படும் வகையே முதலிற் சென்றடைவது. நமது என்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூத்திரோபில்களை ஆக்குகின்றது. கண்ணுமில்லாத, காதுமில்லாத இக்கலங்களுக்குப் பெருவிரலில் முள் தைத்த செய்தி எவ்வாறு எட்டுகின்றது?

பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் செல்வோர், அங்குள்ள பன்னங்களின் முன் சிறிது நிற்பாராக. விடையின் முதற்பகுதி பன்னத்திலிருந்தே கிடைத்தது. பன்னத்தின் ஆண் கலங்கள் நீரில் நீந்திப் பெண்ணுறுப்பை நாடுவன. 1884ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தாவரவியலறிஞர் பெஃபர், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் மாலிக் அமிலத்தை நிரப்பி நீரில் வைத்தார். ஆண் கலங்கள் அக்குழாயையே நோக்கித் திரண்டன. இரசாயனப் பொருளே வழிகாட்டி என்பது தெளிவாயிற்று.

அதற்கு ஈராண்டு முன்னர், 1882இல், சிசிலித் தீவின் மெசீனா நகரில் மெச்னிக்கோவ் என்னும் ருஷ்ய அறிஞர், வீட்டார் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்த வேளையில் ஒரு சோதனை செய்தார். கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திரமீன் குஞ்சொன்றில் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சூழ்ந்து அலையும் கலங்கள் மொய்த்திருந்தன! இவ்வழியில் அவர் தொடர்ந்து செய்த ஆராய்ச்சிக்கே 1908இல் நோபல் பரிசின் ஒரு பங்கு அவரைச் சேர்ந்தது.

இன்று நாம் அறிவது இதனினும் விரிவானது. கிருமிகள் தம் புரதத்தின் சிறு துண்டுகளைக் கசியவிடுகின்றன. காயமுற்ற இழையமும் தன் பங்குக்குச் சில பொருள்களை வெளிவிடுகின்றது. அவற்றுள் ஒன்றான இன்டர்லூகின் 8 இனங்காணப்பட்டது 1987இலேதான். அச்செய்தி பரவியதும், அருகிலுள்ள நுண்குழாய்களின் உட்சுவர் பசைபோற் பற்றுந் தன்மை பெறும். விரைந்தோடும் வெண்கலம் அதிற் பட்டு உருண்டு, தயங்கி, ஒட்டி நின்று, பின்னர் சுவரின் இடுக்கினூடே நெளிந்து வெளியேறும். அப்பால் அது நீந்துவதில்லை, ஊர்ந்தே செல்லும். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றரில் நூற்றிலொரு பங்கு தூரமே அதன் நடை. தன் உடலின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே இரசாயனச் செறிவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வேற்றுமை இருப்பினும், செறிவு மிகுந்த பக்கம் எதுவென அது அறிந்துகொள்ளும். மோப்பம் பிடிக்கும் வேட்டைநாயும் இதற்கு ஈடாகாது என்பேன். போரில் மடிந்த இக்கலங்களின் குவியலே நாம் அருவருக்கும் சீழ்.

இதனை இத்தனை தூரம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நீரிழிவு கட்டுக்கடங்காதவரிடத்து இவ்வெண்கலங்களின் நடை மந்தமாகின்றது. அத்துடன் பாதத்தின் நரம்புகளும் உணர்விழந்திருப்பின் வலியும் தோன்றாது. அழைப்பும் தாமதம், படையும் தாமதம், கிருமியோ காத்திருப்பதில்லை. ஆகவே அத்தகையோரிடம் சிவக்காத, வலிக்காத புண்ணே பேராபத்தானது. ஸ்டீரோயிட் மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வோருக்கும், வெண்கலங்கள் குழாயைவிட்டு வெளியேறுவது தடைப்படுவதால், காயம் அமைதியாயிருந்து ஏமாற்றக்கூடும்.

வீட்டில் நீரிழிவுள்ள மூத்தோர் இருப்பின், இரவு படுக்குமுன் அவர்தம் பாதங்களை, விரலிடுக்குகள் உட்பட, விளக்கொளியில் யாரேனும் பார்த்துவிடுவது நன்று. குனிய இயலாதவர் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைத் தாமே காணலாம். சிறு கீறல் தென்பட்டாலும், வலி இல்லையே என்று நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தேவாலயத்துக்கு வெறுங்காலுடன் சென்று திரும்பிய நாட்களில் இதனை மறவாதிருப்பாராக.